கடைசிக் குமிழி மேலேதான் இருந்தது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் இறங்கும்போது முன் பிரேக்கையே பிடித்துப் பிடித்து வந்தேன். பாதி வழியில் லிவர் பஞ்சு மாதிரி ஆகி கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது, உயிரே போய்விட்டது எனக்கு. ஓரமாக நிறுத்தி ஆறவிட்ட பிறகுதான் பிடிப்பு திரும்பியது. தப்பு என்னுடையது, மூன்று வருடமாக பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை. அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்து வரும் ஆவி அமுங்கிக்கொள்ளும், லிவரின் அழுத்தம் டிஸ்க்கைப் பிடிக்கும் பேடுக்குப் போகாது.

வீட்டுக்கு வந்து நானே மாற்ற உட்கார்ந்தேன். பழைய ஆயில் டிக்காஷன் நிறத்தில் இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் மேலே கைப்பிடியில் இருக்கும் ஆயில் கப் காலியானதைக் கவனிக்கவில்லை, உள்ளே காற்று ஏறிவிட்டது.

தம்பியை லிவரில் நிறுத்தினேன். நாலைந்து தடவை அமுக்கி, "பிடிச்சுட்டேன்ணா" என்று அவன் சொன்னதும் 8 நம்பர் ரிங் ஸ்பேனரில், கீழே சக்கரத்துப் பக்கம் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைக் கால் சுற்று திறந்து உடனே மூடுவேன், மூடிய பிறகுதான் அவன் கையை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே போன காற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். நிப்பிளில் மாட்டியிருந்த மீன் தொட்டி டியூபில் குமிழி வருவது நின்றது. லிவர் மட்டும் கெட்டிப்படவே இல்லை.

காற்று மேலே ஏறுகிற பொருள், நாமோ கீழே இழுக்கிறோம். கப்புக்குக் கீழே, லிவர் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஓஸ் சேரும் போல்ட்டுக்குள் கொஞ்சம் அப்படியே தங்கியிருந்தது. வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து, கப் மூடியைத் திறந்து, லிவரை நூலளவு மட்டும் அசைத்து அசைத்து விட்டேன் (வேகமாக அமுக்கினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும், பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்). கப்பின் அடியில் இருக்கும் ஊசித் துளை வழியாகக் கடுகு மாதிரிக் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. பத்து நிமிடம் வந்துகொண்டே இருந்தன! அப்புறம் மூடியைப் போட்டு, லிவரைக் கைப்பிடியோடு இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் கட்டை அவிழ்த்துப் பிடித்தால் கல்லு மாதிரி இருந்தது.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) வண்டி வைத்திருப்பவர்கள் கப்பை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். அந்த யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் பல வண்டிகளில் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் போட்டுத்தான் எடுக்க முடியும்.