உதவி தேவை: கட்டட வேலையில் ரெண்டு தடவை டிஸ்பிளே போயிருச்சு, 1,899 ரூபாய் 'மிலிட்டரி கிரேடு' பேக் கவர் வாங்கலாமா?

சைட்_அவிநாசி:

வணக்கம்ங்க. அவிநாசி பக்கம் வீடு கட்டுற சைட்டுல சூப்பர்வைசரா இருக்கேன். கம்பி கட்டி முடிச்சதும் போட்டோ எடுத்து இன்ஜினியருக்கு அனுப்பணும், ஹார்டுவேர் கடைக்குப் பேசணும், ஆள் கணக்கு எழுதணும். எல்லாமே போன்லதான்.

போன் விலை 22,000. வாங்கிப் பதினாலு மாசம் ஆகுது. அதுக்குள்ள ரெண்டு தடவை டிஸ்பிளே மாத்திட்டேன். முதல்ல 6,500, அடுத்து 6,800. ரெண்டாவது தடவை வீட்டுல சொல்லவே சங்கடமாப் போச்சு. பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட எடுத்து வெச்ச பணம் அது.

இப்ப மாட்டியிருக்கறது 150 ரூபாய் டிரான்ஸ்பரன்ட் கவர், மஞ்சளாகி மூலையெல்லாம் தளர்ந்துருச்சு. ஆன்லைன்ல 1,899-க்கு ஒண்ணு பார்த்தேன். "மிலிட்டரி கிரேடு, மில்-எஸ்டிடி-810ஜி, 10 அடி உயரத்துல இருந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு போட்டிருக்கான். நம்பி வாங்கலாமா? இன்னொரு சந்தேகம், மத்தியான வெயில்ல இப்பவே போன் சூடாகி வெளிச்சம் தானா குறையுது. தடி கவர் போட்டா இன்னும் மோசமாகுமா?

சோல்டரிங்_மேசை:

பதினோரு வருசமா போன் சர்வீஸ் பண்றேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ரெண்டு தடவையும் எப்படி விழுந்துச்சு? எதுமேல விழுந்துச்சு? விரிசல் எங்க ஆரம்பிச்சுது? ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க.

சைட்_அவிநாசி:

நல்லா ஞாபகம் இருக்குங்க. முதல் தடவை சட்டைப் பையில வெச்சிருந்தேன். பில்லர் கம்பி தூக்கு சரியான்னு பார்க்கக் குனிஞ்சப்ப வழுக்கி, பிளிந்த் பீம் (அஸ்திவாரத்து மேல போடற கான்கிரீட்) விளிம்புல மூலை பட்டு விழுந்துச்சு. அந்த மூலையில இருந்து ரெண்டு கோடு குறுக்கால ஓடுச்சு.

ரெண்டாவது தடவை முதல் மாடி படிக்கட்டு ஓரத்துல நின்னு பேசிட்டு இருந்தேன். கைதவறிக் கீழ முக்கால் ஜல்லிக் குவியல்ல குப்புற விழுந்துச்சு. நடுத் திரையில நட்சத்திரம் மாதிரி வெடிப்பு.

சோல்டரிங்_மேசை:

இதுதான் எனக்கு வேணும். ரெண்டும் வேற வேற கேஸ், ஒரே கவர் ரெண்டையும் காப்பாத்தாது.

மூலை பட்டு விழுந்தா மொத்த அடியும் ஒரு புள்ளியில இறங்கும். ஃபிரேம் அங்க லேசா அமுங்கி கிளாஸோட ஓரத்தைத் தள்ளும். கிளாஸுக்குப் பலவீனமான இடமே அந்த ஓரம்தான், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கீறல் அங்க எப்பவும் இருக்கும். அதனாலதான் உங்க கோடு மூலையில ஆரம்பிச்சுது. நல்ல ரக்கட் கவர், அதாவது அடி தாங்கற தடி கவர், இதைப் பெரும்பாலும் தடுக்கும். என் மேசைக்கு வர்ற உடைஞ்ச போன்ல பாதிக்கு மேல மூலை அடிதான், அதனால இதை அடிச்சுச் சொல்றேன்.

குப்புற ஜல்லியில விழுந்தது அப்படி இல்ல. கவரோட விளிம்பு திரையைவிட ஒரு மில்லிமீட்டர் உசரமா இருக்கும்னு வைங்க. தரை சமமா இருந்தா விளிம்புதான் முதல்ல படும், திரை தப்பிச்சுரும். முக்கால் ஜல்லிங்கறது 20 மில்லிமீட்டர் கல்லு. அதோட முனை விளிம்பைத் தாண்டி நேரா திரையிலேயே குத்தும். 1,899 கொடுத்தாலும், 5,000 கொடுத்தாலும் இதுதான் கதி. அங்க அடியை வாங்கிக்கறது மேல ஒட்டுற டெம்பர் கிளாஸ் மட்டும்தான்.

மிலிட்டரி விசயத்துக்கு வர்றேன். மில்-எஸ்டிடி-810ஜி அமெரிக்க ராணுவத்தோட சோதனை முறை, 2008-ல வந்த பதிப்பு. 2019-ல அடுத்தது 810எச் வந்தாச்சு. 810ஜி-யில சின்னப் பொருளை 4 அடி உயரத்துல இருந்து 26 தடவை போடணும்: 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை. விழற இடம் என்ன தெரியுமா? கான்கிரீட்டுக்கு மேல 2 இன்ச் பிளைவுட். அந்த 26 தடவையையும் ஒரே பொருள்ல போடணும்னு கட்டாயம் இல்ல, அஞ்சு பொருள் வரைக்கும் பிரிச்சுக்கலாம். ராணுவம் யாருக்கும் சர்டிபிகேட் தர்றதில்ல. கம்பெனியே சோதிச்சுட்டு கம்பெனியே போட்டுக்கறதுதான் அந்த வரி. அதைப் பொய்னு சொல்ல வரல. நல்ல கம்பெனிங்க உண்மையாவே சோதிக்கறாங்க. ஆனா அதைப் பார்த்து உங்க ஜல்லிக் குவியலுக்குத் தாங்கும்னு நம்பிராதீங்க.

10 அடிங்கறது அவங்க தனியாச் சொல்றது. 4 அடி உயரத்துல இருந்து விழறதைவிட 10 அடி உயரத்துல இருந்து விழறப்ப இறங்கற சக்தி ரெண்டரை மடங்கு. எந்தத் தரை மேல போட்டாங்கன்னு எழுதியிருக்கான்னு பாருங்க.

கரூர்_பாலு:

நான் 300 ரூபாய் ரப்பர் கவரும் 100 ரூபாய் டெம்பரும் போட்டு மூணு வருசமா ஓட்டறேன். லாரியில இருந்தே விழுந்திருக்கு. இதுக்குப் போயி 1,899 எதுக்குண்ணே?

சோல்டரிங்_மேசை:

பாலு சொல்றதும் சரிதான். விலையை வெச்சு எடை போடாதீங்க. சைட்_அவிநாசி, முடிஞ்சா கடைக்குப் போயி கையில வாங்கிப் பாருங்க. கவரோட உள் மூலையில விரலை விடுங்க. அங்க காத்து நிக்கற மாதிரி குழியோ தேன்கூடு மாதிரி கட்டமோ இருக்கணும், அழுத்தினா நசுங்கித் திரும்பி வரணும். வெறும் கெட்டி பிளாஸ்டிக்கா இருந்தா வாங்காதீங்க, அது அடியை அப்படியே ஃபிரேமுக்குக் கடத்திரும். உள்ள மெத்துன்னு டிபியு (ரப்பர் மாதிரி வளையற பிளாஸ்டிக்), வெளிய கெட்டியா பாலிகார்பனேட் பிளாஸ்டிக், இப்படி ரெண்டு அடுக்கு இருக்கறதுதான் நல்லது.

அடுத்து விளிம்பு. உங்ககிட்ட ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். கவரை மாட்டி, திரை நடுவுல ஒரு ஏடிஎம் கார்டை வைங்க. எழுத்து புடைச்ச கார்டு வேண்டாம், சமமானதா எடுங்க. அதுக்கு மேல ஸ்கேலைக் குறுக்கால வைங்க. ஸ்கேல் ரெண்டு பக்க விளிம்புலயும் உக்காந்து, அடியில கார்டு தாராளமா நகர்ந்தா விளிம்பு போதும். ஸ்கேல் கார்டு மேலேயே நின்னு ஆடினா விளிம்பு பத்தாது. கார்டு தடிமன் 0.76 மில்லிமீட்டர், எந்த பேங்க் கார்டா இருந்தாலும் அதே அளவுதான். முக்கியமா, டெம்பர் ஒட்டின பிறகு இதைச் செய்யுங்க. டெம்பரே விளிம்புல கொஞ்சம் உயரத்தைத் தின்னுரும்.

கேமரா பக்கமும் இதையே பாருங்க. பின்னால லென்ஸ் துருத்திட்டு இருக்கற போனுக்கு அங்கேயும் விளிம்பு வேணும்.

பொறியாளர்_தாம்பரம்:

நானும் சைட்டில்தான் வேலை செய்கிறேன், ஒன்பது வருடம். சூட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுச்சூழல் வெப்ப அளவு 0 முதல் 35 டிகிரி வரை. சித்திரை வெயிலில் ரூஃப் கான்கிரீட் போடும்போது நாம் நிற்கிற இடம் அதைத் தாண்டிவிடும். எந்தக் கம்பெனி போனானாலும் அந்த நேரத்தில் தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். தடித்த கவர் போனின் சூடு வெளியே போவதைத் தாமதப்படுத்தும், உண்மைதான். ஆனால் முதல் காரணம் நேர் வெயில். போனைக் கான்கிரீட் மேலேயோ சென்ட்ரிங் தகடு மேலேயோ வைக்காதீர்கள், நிழலில் வையுங்கள். பைக்கில் போகும்போதும் இரவிலும் சார்ஜ் போட்டால் கவரைக் கழற்றிவிடுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது தூசி. எம் சாண்ட் என்பது உடைத்த கருங்கல். அதில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. டெம்பர் பெட்டியில் 9எச் என்று போட்டிருப்பது பென்சில் கடினத்தின் அளவு, கல்லுக்கு எதிரான அளவு அல்ல. தூசி படிந்த திரையைச் சட்டையில் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். முதலில் ஊதுங்கள் அல்லது பழைய மெல்லிய பெயிண்ட் பிரஷால் தட்டிவிடுங்கள், அப்புறம் துடையுங்கள். ரக்கட் கவருக்குள் தூசி போனால் வெளியே வராமல் உள்ளேயே அரைத்துக்கொண்டிருக்கும். என் பழைய போனின் பின்பக்கம் முழுக்க அப்படித்தான் தேய்ந்து போனது. வாரம் ஒரு முறை கழற்றி, கவரை மட்டும் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். ஐபி68 என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் இருப்பதற்குப் போனுக்கு உள்ள தகுதி. சார்ஜ் துளைக்கு மூடி இருப்பதால் மட்டும் கவர் தண்ணீர் புகாததாக ஆகிவிடாது. உங்கள் போனின் டிஸ்பிளேயை இரண்டு முறை திறந்து மாற்றியிருக்கிறீர்கள், பழைய சீல் இனி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் பாலித்தீன் பையில் போடுங்கள் தம்பி.

மொட்டைமாடி_சோலார்:

சோலார் பேனல் மாட்டுற வேலை. நாங்க ஓட்டு மேலேயும் ஷீட் மேலேயும் நிக்கறவங்க. எங்க ஆளுங்க எல்லாரும் கவரோட கயிறும் போட்டிருக்கோம். கவருக்கும் போனுக்கும் நடுவுல ஒரு பட்டி வெச்சு, சார்ஜ் துளை வழியா வளையத்தை வெளிய எடுத்து, மணிக்கட்டுல மாட்டற கயிறு. நூறு ரூபாய்தான். கழுத்துக் கயிறு வேண்டாம், கம்பியில மாட்டினா ஆபத்து. இந்தக் கயிறோ பட்டன் வெச்ச பையோ இருந்திருந்தா உங்க ரெண்டு விழுகையும் நடந்திருக்காது அண்ணே.

பைக் ஹேண்டில்ல போனை மாட்டற பழக்கம் இருந்தா அதையும் விட்டுருங்க. பெரிய இன்ஜின் பைக்கோட அதிர்வு கேமராவோட ஆட்டம் தடுக்கற பகுதியைக் கெடுக்கலாம்னு ஆப்பிளே 2021-ல எழுதிப் போட்டாங்க. ரக்கட் கவர் அந்த அதிர்வை நிறுத்தாது.

சைட்_அவிநாசி:

எல்லாருக்கும் நன்றிங்க. ஞாயித்துக்கிழமை திருப்பூர் போயி நாலு கடை ஏறி இறங்கினேன். 1,899 கவரும் ஒரு கடையில இருந்துச்சு. உள் மூலை நல்லா மெத்துன்னு இருந்துச்சு, ஆனா ஸ்கேல் வெச்சா கார்டு மேலேயே நின்னு ஆடுது. கடைக்காரரே எட்டிப் பார்த்துட்டு அடுத்து ஒண்ணு எடுத்துக் கொடுத்தார், 650 ரூபாய். ரெண்டு அடுக்கு, மூலையில குழி, கார்டு அடியில சறுக்கிட்டுப் போகுது. அதையே வாங்கிட்டேன். டெம்பர் 150, கயிறு 80. சட்டைப் பையை விட்டுட்டு இடுப்புல பெல்ட் பை மாட்டியாச்சு.

போன் இப்ப கையில கனமாத் தெரியுது. பழகிரும்னு நினைக்கறேன்.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணே. நேத்து பை வெச்சிருந்த பக்கம் சாரக் கம்பு இடிச்சு டெம்பர் மேல் ஓரத்துல நகக்கண் அளவுக்குப் பெயர்ந்துருச்சு. திரை நல்லாத்தான் இருக்கு. அப்படியே விட்டுரலாமா?

சோல்டரிங்_மேசை:

விடாதீங்க, மாத்திருங்க. ஓரம் பெயர்ந்த டெம்பர் அடுத்த அடிக்கு நிக்காது. பெயர்ந்த இடத்துல எம் சாண்ட் புகுந்து அடியில இருக்கற திரையையும் கீறும். உரிக்கும்போது முடி காயவைக்கற டிரையர் சூடு லேசாக் காட்டி, நல்லா இருக்கற மூலையில இருந்து மெதுவா எடுங்க. புதுசு ஒட்டின கையோட கார்டையும் ஸ்கேலையும் மறுபடி வெச்சுப் பாருங்க. கடையில தடிமனான டெம்பர் கொடுத்துட்டா விளிம்பு குறைஞ்சிருக்கும்.