டேஷ் கேமரா: ஆறு மாதத்திற்குப் பிறகு ஒரு புதுப்பிப்பு

காரின் முன்கண்ணாடியில் பொருத்தி சாலையைப் பதிவு செய்யும் டேஷ் கேமராவில், பேட்டரி உள்ளதை வாங்கலாமா, அதற்குப் பதிலாக கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமிக்கும் பாகம்) உள்ளதையா என்று ஜனவரியில் இங்கே கேட்டிருந்தேன். கெப்பாசிட்டர்தான் வெயில் தாங்கும் என்றீர்கள், அதையே வாங்கினேன். சென்னையின் மே மாத வெயிலில், நாள் முழுவதும் திறந்த வெளியில் நின்ற காரில், ஒரு குறையும் இல்லை. மனமார்ந்த நன்றி.

கேமரா சரி, அதன் செட்டிங்கில்தான் நான் ஏமாந்தேன். போன மாதம் பள்ளிக்கரணை அருகே எதிர்த்திசையில் வந்த பைக் என் முன்பக்க பம்பரில் மோதியது. ஓட்டியவருக்குக் காயம் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. வீட்டில் மெமரி கார்டைத் திறந்தால், கடைசிப் பதிவு ஒன்பது நாள் பழையது! அதிர்வு உணரியை 'அதிகம்' என்று வைத்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையையும் விபத்தாக எண்ணி, அந்தக் காட்சியை அழியாதபடி பூட்டியிருக்கிறது. வழக்கமாகப் பழைய பதிவை அழித்துத்தான் கேமரா புதியதை எழுதும்; அழிக்க முடியாத பூட்டிய கோப்புகளால் கார்டு நிரம்பி, புதிய பதிவுக்கு இடமே இல்லை.

இப்போது உணரியைக் 'குறைவு' என்று மாற்றிவிட்டேன். இடைவிடாமல் அழித்து எழுதுவதைத் தாங்கும் 'ஹை எண்டியூரன்ஸ்' வகை கார்டு போட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் ஒரு பதிவையாவது கைப்பேசியில் ஓட்டிப் பார்க்கிறேன். தேதி, நேரத்தையும் தயவுசெய்து சரிபாருங்கள். என்னுடையது முப்பது நிமிடம் பின்தங்கியிருந்தது.

இரவில் எதிர்வரும் வண்டியின் எண் பலகை முகப்பு விளக்கில் வெளுத்துப்போகிறது. அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.