ஊர் போகிறவர்களுக்கு: எந்த மாதத்துத் தேயிலை, எந்த நேரத்து மலை

அன்பின் ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஆகஸ்டில் ஒரு கூட்டம் ஊர் போகிறது, டிசம்பரில் ஒரு கூட்டம் போகிறது. திரும்பி வந்ததும் குழுவில் வரும் கேள்வி ஒன்றுதான்: "அதே ஸ்டோர், அதே பொதி, போன தடவை மணந்தது, இந்தத் தடவை சப்பென்று இருக்கிறதே?" ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், தேயிலை செய்கிற டீ மேக்கர் மேல் பழி போடாதீர்கள். மாதம் மாறியிருக்கிறது.

இலங்கை மலையகத்தில் தேயிலைக்கு வாசம் ஏறும் காலம் இரண்டு. ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, ஜூலை முதல் செப்டம்பர் வரை. தென்மேற்கு மழை அட்டன் பக்கத்துச் சரிவில் கொட்டித் தீர்ந்து, மலையைத் தாண்டும்போது வெறும் காய்ந்த காற்றாக அந்தப் பக்கம் இறங்கும். கொழுந்து மெதுவாக வளரும், சாயத்தில் தைலம் தடவினாற்போல ஒரு குளிர்ந்த வாசம் ஏறும். அதுதான் ஊவா வாசம், வேறு எங்கேயும் கிடைக்காது. இந்தப் பக்கம் அட்டன், தலவாக்கலை, லிந்துலை, பொகவந்தலாவ, மஸ்கெலியா, அதோடு நுவரெலியா, இவற்றுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் உறைகிற குளிர், காய்ந்த காற்று. அதே கதை, காற்றின் திசை மட்டும் வேறு.

ஆகவே ஆகஸ்டில் போகிறவர்கள் பண்டாரவளைப் பக்கம் வாங்குங்கள். டிசம்பரில் போகிறவர்களுக்குத்தான் சிக்கல். அப்போது நம் பக்கத்து ஸ்டோர்களில் இருப்பது ஒக்டோபர், நவம்பர் மழைக் கொழுந்தில் செய்தது. மழையில் கொழுந்து மளமளவென்று வளரும், நிறை கூடும், வாசம் நிற்காது. அவர்கள் செய்யக்கூடியது: பொதியில் திகதி பார்த்து ஆகஸ்ட், செப்டம்பரில் கட்டிய ஊவாத் தேயிலையை வாங்குவது. உள்ளே ஈயத்தாள் பையும் நல்ல ஒட்டும் இருந்தால் மூன்று நாலு மாதப் பழசு ஒன்றும் செய்யாது. திகதி போடாமல் சாக்கிலிருந்து அள்ளிக் கட்டித் தருவதை மழைக்காலத்தில் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவு என்றாலும்.

அடுத்தது தரம். 'டஸ்ட்' என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, பெருக்கி அள்ளிய குப்பை என்று நினைப்பு. இவை எல்லாம் சல்லடையில் பருமன் பார்த்துப் பிரிக்கும்போது வைக்கிற பெயர்கள். பெக்கோ பெரியது. பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ) அதைவிடப் பொடி, பி.ஓ.பி.எஃப். (அதன் ஃபனிங்ஸ்) இன்னும் பொடி, டஸ்ட் 1 ஆகப் பொடி. பொடியாக ஆகச் சாயம் சீக்கிரம் இறங்கும், கடுப்பும் ஏறும். காலையில் பால் ஊற்றிக் குடிக்கிற வீட்டுக்குத் தலவாக்கலைப் பக்கத்து பி.ஓ.பி.எஃப். போதும். நுவரெலியாத் தேயிலைக்குச் சாயம் வெளிறல், பால் ஊற்றினால் செத்துவிடும், அதை வெறுந் தேத்தண்ணியாகத்தான் குடிக்க வேண்டும். கருகருவென்று சாயம் வேண்டும் என்கிறவர்கள் 600 மீற்றருக்குக் கீழே விளைகிற தாழ்நிலத் தேயிலையை வாங்குங்கள். அதற்கு மலை ஏறத் தேவையில்லை, இரத்தினபுரிப் பக்கமே கிடைக்கும்.

வாங்கும் முன் ஒரு பிடி வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். பருமன் ஒரே சீராக, கறுப்பாக இருக்க வேண்டும். சாம்பல் பூத்தாற்போல இருந்தால் சல்லடையில் அளவுக்கு மீறி உரசப்பட்டது. சிவந்த நாரும் காம்பும் கலந்திருந்தால் கொழுந்து முற்றல். வீட்டில் ஊற்றிய பிறகு சக்கையையும் பாருங்கள்: புதுச் செம்புக்காசு நிறம் நல்லது. பச்சை ஓடினால் புளிப்பு ஏறாமல் அடுப்புக்குப் போனது, சாயத்தில் பச்சை வாடை அடிக்கும். கறுத்திருந்தால் நேரம் கூடிவிட்டது, நிறம் இருக்கும், வாசம் இருக்காது.

சிங்க முத்திரை பற்றி: அது இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று பொருள். வெளிநாட்டுக் கடைகளில் கலப்பைத் தவிர்க்க அது உதவும். எந்த மாதம், எந்த மலை என்பதை அது சொல்லாது.

ஊற்றும் அளவு. தேயிலை ருசி பார்க்கிறவர்கள் 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். அது குறை கண்டுபிடிக்க, குடிக்க அல்ல. வீட்டில் 200 மில்லிக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய இரண்டரை கிராம். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வையுங்கள். பி.ஓ.பி.எஃப். என்றால் 3 நிமிடம், பி.ஓ.பி. என்றால் நாலு, நாலரை. ஊவாத் தேயிலையை அதற்கு மேல் விட்டால் தொண்டையைப் பிடிக்கும். சீனியைக் கலக்காமல் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதுதான் என் சிபாரிசு.

பயணப்பெட்டி விஷயம். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். நெத்தலிக் கருவாடும் கறிச் சரக்குத்தூளும் இருக்கிற பெட்டியில் தேயிலையை வைத்தால், வீட்டில் திறக்கும்போது மூன்றுக்கும் ஒரே மணம். கைப்பெட்டியில் வையுங்கள். பெரிய பொதியாக வாங்காமல் 250 கிராம் பொதிகளாக வாங்கி ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக்கூடாது, எடுக்கும்போதெல்லாம் வேர்த்து ஈரம் பிடிக்கும்.

மற்றச் சாமான்கள் சுருக்கமாக. கறுவா வாங்கினால் குறுக்கே பாருங்கள்: மெல்லிய பட்டைகள் பல சுருளாக, சுருட்டுப் போல உள்ளே அடைந்திருக்க வேண்டும், கையால் நொறுங்க வேண்டும். தடித்த ஒற்றைப் பட்டை வளைந்திருந்தால் அது வேறு மரம். ஆகச் சன்னமானது 'அல்பா', 6 மில்லிமீற்றருக்கும் ஒல்லி. கறிக்கு அது வீண் செலவு. கண்டி மாத்தளை வீதியில் வாகனத்தை நிறுத்தி விளக்கம் சொல்லி விற்கிற வாசனைச் சரக்குத் தோட்டங்களைவிட மாத்தளை டவுன் சில்லறைக் கடைகளில் விலை நியாயம். கித்துள் பாணி (கூந்தற்பனைப் பாகு) போத்தலில் சேர்மானத்தைப் படியுங்கள், சீனி என்று எழுதியே விற்கிறார்கள். குளிர்ச் சட்டை இங்கிருந்து சுமக்க வேண்டாம், நுவரெலியா பேல் பஜாரில் வாங்கலாம். சிப்பை ஐந்தாறு தடவை இழுத்துப் பார்த்து, கக்கத்துத் தையலையும் பார்த்து வாங்குங்கள்.

இனி இடங்கள். இங்கேயும் நேரம்தான் முதல். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமானால் காலை 6 மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். 9, 10 மணிக்குப் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிவிடும், பிறகு வெள்ளைத் துணியைப் பார்ப்பதற்கு நுழைவுக் கட்டணம் கட்டியது போலாகும். சுற்றுப் பாதை சுமார் 9 கிலோமீற்றர், பிள்ளைகளோடு மூன்றரை மணி நேரம். முதலில் உலக முடிவு, திரும்பும் வழியில் பேக்கர் அருவி. பொலித்தீனை வாசலில் எடுத்துவிடுவார்கள், ஆகவே ரொட்டியை டப்பாவில் கட்டுங்கள்.

லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக் காட்சியிடமும் அப்படியே. அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை ஸ்டோர் வரை பஸ், மேலே சுமார் 7 கிலோமீற்றர். விடியற்காலையில் ஆட்டோவில் ஏறி நடந்து இறங்குங்கள். தலைகீழாகச் செய்கிறவர்கள் வேர்த்து விறுவிறுத்து உச்சிக்குப் போகும்போது மேகமும் வந்து சேர்ந்திருக்கும்.

சிவனொளிபாத மலைக்கு டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரைதான் காலம். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, தேத்தண்ணிக் கடையும் இல்லை. நல்லதண்ணி வழியாக 5,000க்கு மேல் படி. இரவு 2 மணிக்குத் தொடங்கினால் விடியலுக்குச் சரி. சீக்கிரம் ஏறிவிட்டு உச்சியில் காத்திருப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. வேர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் உடம்பு நடுங்கும். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். முழங்கால் வலி இறங்கும்போதுதான் வரும், கம்பு ஒன்று கொண்டு போங்கள்.

சென் கிளயர் அருவியில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு தண்ணீர் குறைவு, பழைய நினைப்போடு போகாதீர்கள். டெவன் அருவி பரவாயில்லை. சீதா எலிய கோயிலும் ஹக்கலைப் பூந்தோட்டமும் ஒரே வழியில், அரை நாள் போதும். 1861இல் கொயினா மருந்துக்கான சிங்கோனாக் கன்று வளர்க்கத் தொடங்கிய தோட்டம் அது. கம்பளைப் பக்கம் தொழிலாளர் குடியிருந்த பழைய லயக் காம்பராக்களையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைத் தவறவிடாதீர்கள். முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள். ஏப்ரல் சீசனில் மட்டும் நுவரெலியாவில் அறை எடுக்க நினைக்காதீர்கள். நெரிசல் ஒருபுறம், வாடகை மறுபுறம்.

மேற்கணக்கு (தோட்டத்து மேல் பிரிவு), இப்போது ஸ்காபரோ, கனடா

பதில்: லண்டனிலிருந்து

அண்ணன் தண்ணீரை விட்டுவிட்டார். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். எவ்வளவு நல்ல தேயிலையைப் போட்டாலும் மேலே எண்ணெய்ப் படலம் போல ஒன்று மிதக்கும், சாயம் மங்கும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் தேயிலைச் சாரமும் சேர்ந்து உண்டாகிற ஆடை அது, தேயிலையின் குற்றமில்லை. வடிகட்டிக் கூஜாவில் விட்டு எடுத்த தண்ணீரில் ஊற்றிப் பாருங்கள், நிறமே மாறும். கூஜாவின் வடியை மாதம் ஒரு முறை மாற்றாவிட்டால் பயனில்லை. அவசரத்துக்கு வெறுந் தேத்தண்ணியில் நாலு சொட்டுத் தேசிக்காய் (எலுமிச்சை) விட்டாலும் படலம் கரையும். பாலில் அதைச் செய்துவிடாதீர்கள், திரிந்துவிடும்.

பதில்: கோத்தகிரியிலிருந்து

எல்லாரும் நலமா? இங்கே நீலகிரிப் பக்கம் வந்துவிட்ட நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் சி.டி.சி., அதாவது இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்தது, குருணை குருணையாக இருக்கும். அதைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடலாம், அதற்காகவே செய்தது. இலங்கையிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிற தேயிலை உருட்டிச் செய்தது. அதையும் அதே பழக்கத்தில் சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டுவிட்டு "கசக்குது" என்கிறார்கள். கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும், கடுப்புதான் மிஞ்சும். பாலைத் தனியே காய்ச்சி, சாயத்தை வடித்த பிறகு ஊற்றுங்கள்.

பதில்: மெல்பனிலிருந்து, ரொட்டி பற்றி

தேத்தண்ணிக்கு ரொட்டி வேண்டாமா? வெளிநாட்டில் நம் தேங்காய் ரொட்டி கல்லாகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள்.

4 பேருக்கு: வெள்ளைக் கோதுமை மா (மைதா) 500 கிராம், துருவிய தேங்காய் 180 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, பச்சை மிளகாய் 3, சின்ன வெங்காயம் 8, வெதுவெதுப்பான தண்ணீர் 220 மில்லி அளவு. முதலில் தேங்காய், வெங்காயம், மிளகாய், உப்பு நாலையும் கையால் நசுக்கிப் பிசையுங்கள், தேங்காயில் பால் கசியும் வரை. பிறகு மா. தண்ணீரைக் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக. உருண்டை கையில் ஒட்டாமல் வந்ததும் நிறுத்தி, ஈரத்துணி போட்டு 30 நிமிடம் விடுங்கள்.

எங்கே பிழை வருகிறது? ஒன்று, உறையவைத்த தேங்காய். அதில் தண்ணீர் அதிகம், முழுக்க இளகவிட்டுப் பிழிந்த பிறகு அளவிடுங்கள், தண்ணீரையும் 30 மில்லி குறையுங்கள். உலர்ந்த தேங்காய்த் துருவல்தான் இருக்கிறது என்றால் 100 கிராமுக்கு 70 மில்லி வெந்நீர் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். இரண்டு, மா. கனடா மாவில் பசைத்தன்மை அதிகம், சப்பாத்தி போல அடித்துப் பிசைந்தால் இறப்பர் ஆகும். சேர்ந்து வந்தால் போதும். ஆட்டா மா வேண்டவே வேண்டாம். மூன்று, தடிப்பு. அரைச் சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அப்பளம், ஒன்றைத் தாண்டினால் நடுவில் வேகாது. நாலு, சூடு. கனத்த இரும்புக் கல், நடுத்தர நெருப்பு, பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம். எடுத்ததும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் துணியால் மூடுங்கள், அந்த ஆவியில்தான் மெதுமை வரும்.

கட்டச் சம்பலுக்குச் செத்தல் (காய்ந்த) மிளகாய் 15 கிராம், உப்பு, மாசிக் கருவாடு ஒன்றரை மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் 150 கிராம், ஒரு தேசிக்காய். உரலில் மிளகாயும் உப்பும் முதலில், அது நொறுங்கியதும் மாசி, கடைசியில் வெங்காயம், அதுவும் அரைபடாமல் நசுங்கினால் போதும். மிக்சியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுற்றினால் வெங்காயம் தண்ணீர் விட்டுக் கசக்கும். சம்பலை உரலிலிருந்து எடுத்த பிறகு தேசிக்காயைப் பிழியுங்கள்.

அவுஸ்திரேலியா வருகிறவர்களே, மாசி, சரக்குத்தூள், தேயிலை எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் எழுதுங்கள். எழுதினால் ஆகக் கூடினால் பிடுங்கிக்கொள்வார்கள். எழுதாமல் பிடிபட்டால்தான் தண்டப்பணம்.

பதில்: மீண்டும் ஸ்காபரோ

மலையக ரயிலைப் பற்றித் தனி மடலில் கேட்டவர்களுக்கு. ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், திறந்தவுடனே தீர்ந்துவிடும், திகதியைக் குறித்து வைத்திருங்கள். சில வண்டிகள் கண்டிக்குள் போகாமல் பேராதனைச் சந்தியோடு திரும்பும், கண்டியில் ஏற நினைப்பவர்கள் வண்டியின் பெயரைச் சரிபாருங்கள். அட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும், கதவருகே நிற்கிற பிள்ளைகளை அதற்கு முன்பே உள்ளே இழுத்துவிடுங்கள். 2025 நவம்பர் டிட்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் உடைந்தது. எந்த ஸ்டேசன் வரை வண்டி ஓடுகிறது என்று கேட்டறிந்த பிறகு அறையைப் பதிவு செய்யுங்கள், அறையைப் பதிந்துவிட்டு வண்டியைத் தேடாதீர்கள்.