ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுபவர்களுக்கு

செப்டம்பர் வந்தால் பெல்பாஸ்ட், கிளாஸ்கோ பக்கம் படிக்கப் போகிற தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான். சென்னையிலிருந்து ஹீத்ரோ வரை ஒரு டிக்கெட், கேட்விக்கிலிருந்து மலிவு விமானத்தில் தனியாக இன்னொரு டிக்கெட். நடுவில் மூன்று மணி நேரம் போதுமா?

போதாது. ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

இரண்டும் லண்டன் விமான நிலையங்கள் என்றாலும் ஹீத்ரோ நகரத்துக்கு மேற்கே, கேட்விக் தெற்கே. எம்25 சாலை வழியாக 65 கிலோமீட்டர் போல வரும். சாலை காலியாக இருந்தால் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே எம்25-இல் மாட்டினால் இரண்டு மணி நேரமும் ஆகும்.

உண்மையில் நேரத்தைத் தின்பது சாலை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு தானியங்கி கேட் கிடையாது, இமிக்ரேஷன் வரிசையில்தான் நிற்க வேண்டும். கல்லூரி திறக்கும் சமயம் அந்த வரிசை எவ்வளவு நீளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டிகளை நீங்களே எடுத்து, கேட்விக்கில் மறுபடி போட வேண்டும். அங்கே பெட்டி வாங்கும் கவுண்டரை விமானம் கிளம்புவதற்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள்.

இரண்டு பெரிய பெட்டி இருந்தால் நேஷனல் எக்ஸ்பிரஸ் கோச்தான் வசதி. பெட்டியை அடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

சாலையை நம்பப் பயமா? எலிசபெத் லைன் ரயிலில் ஃபாரிங்டன் நிலையம் வரை போய், அங்கே தேம்ஸ்லிங்க் ரயிலுக்கு மாறுங்கள். காத்திருப்பையும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் லைன் ரயில் 200 மீட்டருக்கு மேல் நீளம், அதனால் ஹீத்ரோவிலேயே பின்பக்கப் பெட்டியில் ஏறுங்கள். முன்பக்கம் இறங்கினால் பார்பிகன் பக்கத்து வாசலுக்குப் போய்விடுவீர்கள், அப்புறம் 23 கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டு முழு பிளாட்பாரமும் திரும்பி நடக்க வேண்டும். தேம்ஸ்லிங்கில் பிரைட்டன் அல்லது ஹோர்ஷாம் என்று போட்ட வண்டியில் ஏறுங்கள். சட்டன் வண்டி கேட்விக் போகாது. கேட்விக் ரயில் நிலையம் தெற்கு டெர்மினலில் இருக்கிறது. வடக்கு டெர்மினலுக்கு இலவச ஷட்டில் உண்டு.

என்னைக் கேட்டால், டிக்கெட் இன்னும் போடாதவர்கள் இந்த வம்புக்கே போக வேண்டாம். ஹீத்ரோவிலிருந்தே கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் விமானம் இருக்கிறது. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெரும்பாலும் பெட்டி நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும், விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவதும் அவர்கள் பொறுப்பு. கொஞ்சம் கூடுதல் காசு, அவ்வளவுதான்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? சரி, இறங்கும் டெர்மினல், நேரம், எத்தனை பெட்டி என்று கீழே எழுதுங்கள். எந்த வழி தோதுப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன்.