அட்ரினல் கட்டி: ஆபரேஷனுக்கு முன் ஏன் இரண்டு வாரம் மாத்திரை?

கேள்வி:
அம்மாவுக்குத் திடீர் திடீரென்று பிரஷர் ஏறி, வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடக்கிறது. ஸ்கேனில் வலது அட்ரினலில் (சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி) 4 செ.மீ. கட்டி, பிரஷரை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமாவாம். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, எடுத்துவிடலாம், ஆனால் இரண்டு வாரம் மாத்திரை போட்டுவிட்டு வாருங்கள் என்கிறார்கள். அதோடு உப்பைக் கூட்டச் சொல்கிறார்கள்! பிரஷர்காரருக்கு உப்பா?

பதில் 1:
ஆமாம், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கட்டியைத் தொட்டாலே ஹார்மோன் ரத்தத்தில் கொட்டி பிரஷர் எகிறும், அதனால் பிரசோசின் மாதிரி ஆல்ஃபா பிளாக்கர் கொடுத்து, சுருங்கிக் கிடக்கும் ரத்தக் குழாய்களை முதலில் தளர்த்துவார்கள், அப்படித் தளர்ந்த குழாய்களை நிரப்பத்தான் உப்பும் தண்ணீரும். இல்லாவிட்டால் கட்டியை எடுத்ததும் பிரஷர் தடாலென்று விழும். படபடப்புக்கான பீட்டா பிளாக்கர் அப்புறம்தான், அதை முதலில் கொடுப்பது ஆபத்து.

பதில் 2:
என் அண்ணனுக்கும் வலது பக்கம்தான். விலாவுக்குக் கீழே சின்னச் சின்னத் துளைகள், அதில் ஒன்று கல்லீரலைத் தூக்கிப் பிடிக்க மட்டும். வலி பெரிதாக இல்லை, தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பதில் 3:
லேப்ராஸ்கோப்பியில் அட்ரினலை எடுப்பது புது முறையும் இல்லை, 1992-லேயே கனடாவில் மிஷெல் கான்யே குழுவினர் செய்து வெளியிட்டது. கட்டி மிகப் பெரிதாகவோ புற்றுநோய்ச் சந்தேகமாகவோ இருந்தால்தான் வயிற்றைத் திறப்பதைப் பற்றி யோசிப்பார்கள். சர்ஜன் அட்ரினல் கேஸ்கள் எத்தனை செய்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை இறங்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.