பேராயர் ஹீபரின் கல்லறை திருச்சியில் இருப்பது ஏன்?

உறையூர் வாசகர்:
திருச்சி தூய யோவான் ஆலயத்துக்குள் கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபரின் கல்லறை இருக்கிறது. பிஷப் ஹீபர் கல்லூரியின் பெயரால் அவரை அறிந்திருக்கிறோமே தவிர, கல்கத்தாவில் பதவி வகித்தவர் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்ட வரலாறு எங்கள் வட்டாரத்தில் பலருக்குத் தெரியவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தஞ்சை ஆய்வு மாணவி:
ஐயா, அன்று இந்தியா முழுவதற்கும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஒரே பேராயர் கல்கத்தாவில்தான் இருந்தார். சென்னைக்குத் தனிப் பேராயர் வந்தது 1835இல். 1783இல் செஷயரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கவிஞராகப் பெயர் பெற்று, ஹாட்னெட் என்ற சிற்றூரில் குருவாக இருந்த ஹீபர், 1823இல் அப்பதவியை ஏற்றார். ஆயர் பணியில் பாதி பயணம்தான். 1826 மார்ச் 26, உயிர்ப்பு ஞாயிறன்று, தஞ்சையில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயத்தில் பிரசங்கித்தார். மாலையில் சுற்றுக் கிராமத்தாரும் திரண்டிருந்த தமிழ் ஆராதனையில், கற்றுக்கொண்டு வந்து தமிழிலேயே ஆசி கூறினார். சுவார்ட்ஸின் அன்பில் வளர்ந்த சரபோஜி மன்னரையும் சந்தித்து, அவருடைய அறிவியல் புலமையைக் கண்டு வியந்து எழுதினார். ஏப்ரல் 3 காலை, திருச்சிக் கோட்டையிலிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பார்த்துவிட்டுத் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியவர், வெயில் களைப்பாற ஆழமான குளியல் தொட்டியில் இறங்கினார். நெடுநேரம் சத்தம் கேளாமல் பணியாள் போய்ப் பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. அப்போது வயது 42.

மாயவரம் அன்பர்:
அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தத் தொட்டியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அவர் முடிக்காமல் விட்ட காரியத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது என் வருத்தம். தஞ்சைச் சபைகளில் சாதி வாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தைப் பழைய மிஷனரிகள் பொறுத்துக்கொண்டார்கள், இளையவர்கள் எதிர்த்தார்கள். ஹீபர் அவசரமாகத் தீர்ப்புச் சொல்லாமல், கேள்விகள் அனுப்பி விசாரித்துக்கொண்டிருந்தபோதே இறந்தார். பிறகு கல்கத்தா பேராயராக வந்த டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக ஒழிய வேண்டுமென்று 1833இல் கட்டளையிட்டதும், தஞ்சையில் பலர் விலகிச் சென்றார்கள்; அவர்களில் சிலர் பின்னாளில் லுத்தரன் சபையில் சேர்ந்தார்கள். கட்டளை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும், தமிழில் ஆசி கூறிய அந்த மனிதர் இன்னும் பத்து ஆண்டுகள் இருந்திருந்தால், அதே முடிவைச் சபையாரிடம் பேசிப் பேசியே எட்டியிருப்பார் என்று நம்புகிறேன்.

உறையூர் வாசகர்:
இருவருக்கும் நன்றி. 1833க்குப் பின் தஞ்சைச் சபைகளில் நடந்ததைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். அங்கும் எழுத வேண்டும்.