காப்பீட்டு நிறுவனம் பிகோரி கட்டணத்தைக் கட்டினால் முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

ஓசூர்_கணக்கர்:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தரும் ஓசூர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் வாடிக்கையாளரான ஓர் உற்பத்தி நிறுவனம், தன் பணியாளர்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடு வாங்கியிருப்பதுடன், அவர்கள் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவைத் திருப்பித் தரும் ஹெச்.ஆர்.ஏ. என்ற திட்டம் ஒன்றையும் 2022 முதல் நடத்தி வருகிறது. கடைசித் திட்ட ஆண்டு 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது. பிகோரி கட்டணத்தை (மருத்துவ ஆய்வுகளுக்காக, திட்டத்தில் உள்ளவர்களின் தலைக்கு இவ்வளவு என அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வாங்கும் கட்டணம்) காப்பீட்டு நிறுவனமே கட்டிவிடுவதால் தாங்கள் எதையும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்கிறார்கள். இது சரிதானா? கட்ட வேண்டுமெனில், குடும்பத்தினரையும் எண்ண வேண்டுமா? சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?

தருமபுரி_வரிப்பணி:
பாதிதான் சரி. காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிய பாலிசிக்கு அந்த நிறுவனம் கட்டும். ஆனால் ஹெச்.ஆர்.ஏ. என்பது முதலாளி தம் சொந்தப் பணத்தில் நடத்தும் தனித் திட்டமாகக் கருதப்படுவதால், அதற்குரிய கட்டணம் முதலாளியையே சேரும். பாலிசியும் இல்லாமல், மருத்துவத் திட்டம் முழுவதையும் முதலாளியே ஏற்று நடத்தி, அதே திட்ட ஆண்டில் ஹெச்.ஆர்.ஏ.வும் வைத்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் போதும். உங்கள் வாடிக்கையாளருக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

எண்ணிக்கையில் ஆறுதலான செய்தி உண்டு. உங்கள் நிலையில் ஹெச்.ஆர்.ஏ.வுக்கு ஒரு பணியாளருக்கு ஒருவர் என்று எண்ணினால் போதும். மனைவி மக்களைச் சேர்க்க வேண்டாம். அதே சமயம், வேலையை விட்ட பிறகும் கோப்ரா என்ற அமெரிக்கச் சட்டத்தின் வழியாகத் திட்டத்தில் நீடிப்பவர்களை விட்டுவிடக் கூடாது. ஆண்டின் கடைசி நாளில் இருந்தவர்களை மட்டும் எண்ணுவதும் தவறு. வேண்டியது ஆண்டுச் சராசரி. காலாண்டுக்கு ஒரு நாள் வீதம் எடுத்து, 138, 142, 146, 134 என்று வந்தால் சராசரி 140. 2024 டிசம்பரில் முடிந்த ஆண்டுக்குத் தலைக்கு 3.47 டாலர் என்பதால் 485.80 டாலர் ஆகிறது. இதைக் கலால் வரிக்கான படிவம் 720-இல், இரண்டாம் காலாண்டுக்குரியதாக, 2025 ஜூலை 31-க்குள் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் தாக்கல் செய்து கட்ட வேண்டும். வேறு கலால் வரி இல்லாதவர்கள் மற்றக் காலாண்டுகளுக்கு அந்தப் படிவத்தைத் தர வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி_பேரோல்:
சம்பளப் பிடித்தம் குறித்து மட்டும் சொல்கிறேன். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் இ.எஸ்.ஐ.க்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்திப் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பாகவே எழும். பிகோரி அப்படியன்று. சட்டம் அதைத் திட்டத்தை நடத்துபவர் மீதே சுமத்துகிறது. ஆகவே திட்டத்துக்காகப் பணியாளர்களிடம் வாங்கிய பணத்திலிருந்து அதைக் கட்டக் கூடாது. முதலாளி தம் பொதுப் பணத்திலிருந்து கட்டி, தொழிற்செலவாக எழுதிக்கொள்ளலாம். தொழிலாளியின் பணத்தில் கை வைக்கும் யோசனையை வாடிக்கையாளரே சொன்னாலும் நாம் மறுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓசூர்_கணக்கர்:
மிக்க நன்றி. இன்னொரு வாடிக்கையாளரின் திட்ட ஆண்டு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அவர்களுக்கும் இதே விகிதம்தானா?

தருமபுரி_வரிப்பணி:
இல்லை, இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கெடு இருவருக்கும் 2025 ஜூலை 31 தான்; ஏனெனில் திட்ட ஆண்டு முடிந்த நாள் எந்த ஆண்டில் விழுகிறதோ, அதற்கு அடுத்த ஆண்டின் ஜூலை 31 என்பதே விதி. விகிதமோ அக்டோபர் 1-ஐ எல்லையாகக் கொண்டு மாறுகிறது. ஆகவே ஜூனில் முடிந்தவருக்கு 3.22 டாலர்.

முதல் வாடிக்கையாளர் பழைய ஆண்டுகளையும் விட்டிருப்பார் என்று தோன்றுகிறது. 2022 டிசம்பரில் முடிந்த ஆண்டுக்கு 3.00 டாலர், 2023 டிசம்பரில் முடிந்த ஆண்டுக்கு 3.22 டாலர். அப்போது படிவமே தாக்கல் செய்யாதவர் திருத்தப் படிவமான 720-எக்ஸை நாடக் கூடாது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் இரண்டாம் காலாண்டுக்குத் தனித்தனியே படிவம் 720 தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அபராதத்தைத் தள்ளுபடி செய்ய வழியுண்டு, எனவே ஐ.ஆர்.எஸ். கடிதம் வரும்வரை காத்திருக்காமல், காரணத்தை எழுத்தில் விளக்கி முதலில் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.